வாயு படிக்கிறவன்

தம்பலகாமம்
1991 மாசி 9

தம்பி அருளம்பலம்,

அம்மா செத்ததோடை உனக்கு எழுதிறேல்லை எண்டுதான் இருந்தனான். இப்ப எழுதவேண்டி வந்திட்டுது. ஏனெண்டு கடைசியிலை சொல்லுறன். முதலே சொன்னால் நீ மிச்சத்தை வாசிக்கமாட்டாய். சின்னனிலையும் மீனைத் திண்டிட்டுச் சோத்தைத் தள்ளி வைக்கிறனிதானே. சுகமோ எண்டு நான் கேக்கேல்லை. ஒல்லாந்திலை இருக்கிறவனுக்குச் சுகமில்லாமல் என்ன?

இஞ்சை யானை வந்தது. வாய்க்கால் ஓரத்து வேலியை உழக்கிப்போட்டு, மேற்குப் பக்கத்து வயலிலை படுத்து உருண்டிருக்கு. தின்னேல்லை, படுத்ததுதான். திண்டால் பசி எண்டு விடலாம். சும்மா படுத்துப் பாழாக்கினதை என்னெண்டு சொல்லுறது? காவல் பரணிலை இருந்த கிழவன் சொல்லுறான், அது தனியன் யானையாம், கூட்டத்தாலை கலைச்சு விட்டதாம். எனக்கு உடனை உன்ரை நினைப்புத்தான் வந்தது. கோவியாதை. கோவிச்சாலும் எனக்கென்ன.

நீ முந்தி எழுதின கடதாசியிலை, வாயு படிக்கிறன் எண்டு எழுதினனி. அதை நான் அத்தானுக்கு எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டினன். நான் மூண்டாம் வகுப்பு, அவர் அதுவும் இல்லை. "வாய்வுக்கு உள்ளியைச் சுட்டுத் திண்டால் போச்சு, இதுக்கேன் கடல் தாண்டிப் போனவன்?" எண்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சன். அத்தான் சிரிக்கேல்லை. "உனக்கென்னடி தெரியும், அது காஸ்" எண்டார். பேந்து அவர் போற வாற இடமெல்லாம் காஸ் கதைதான். தேத்தண்ணிக் கடையிலை காஸ், நெல்லுக் குத்துற மில்லிலை காஸ். "ஒல்லாந்தர் வந்து எங்கடை கோட்டையைப் பிடிச்சாங்கள், என்ரை மச்சான் போய் அவங்கடை ஆகாசத்தைப் பிடிச்சிட்டான்" எண்டு சொல்லிச் சொல்லியே திரிஞ்சவர். நீ அவரை மனுசனாய் மதிச்சதில்லை. உன்னை அவர் சாமியாய் வைச்சிருந்தவர். விசரன்.

தை மாசம் சந்திச் சென்றிக் காவலிலை அத்தானை ஆமி மறிச்சிருக்கு. எல்லாரையும் கேக்கிற கேள்விதான்: வெளிநாட்டிலை ஆரும் இருக்கினமோ? எல்லாரும் சொல்லுற மறுமொழியும் ஒண்டுதான்: இல்லை ஐயா. உன்ரை அத்தான் நெஞ்சை நிமித்தி, "ஓம் ஐயா, மச்சான் இருக்கிறான், காஸிலை பெரியாள்" எண்டிருக்கிறார். காஸ் எண்ட சொல்லுக்குத் தமிழும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம். எங்கையோ ஒரு ஆமிக் காம்புக்கு இயக்கம் நச்சுக் காஸ் அடிச்சதெண்டு கதை அடிபடுற நேரம். உழவு மிசின் றோட்டிலை நிக்க, ஆளை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.

கிண்ணியா மஹ்ரூப் நானாவை உனக்குத் தெரியும், எங்கடை நெல்லு எடுக்கிறவர். அவருக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அவர்தான் என்னைக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மச்சான் என்ன வேலை எண்டு உத்தியோகமாய் ஒரு கடதாசி வரவேணுமாம். நானா சொன்னது இது: "தங்கச்சி, வானத்துக் கதையெல்லாம் செல்லி இவனுகளுக்கு விளங்கப்படுத்த ஏலா. அடுப்புக்குக் காஸ் நிரப்புற கடையில சம்பளத்துக்கு நிக்கிறன் எண்டு தம்பிய எழுதச் செல்லுங்க. அவ்வளவுதான். அடுப்பு எல்லாருக்கும் விளங்கும்."

அதை எழுது. ஒரு வரி. உன்னட்டைக் கேக்க எனக்கு நாக்குக் கூசுது. கூசினாலும் கேக்கிறன்.

இராசமலர்


லைடன், ஒல்லாந்து
18 மார்ச் 1991

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யானைக் கதையும் கிடைத்தது. புருஷன் பிடிபட்டதைச் சொல்ல வந்த ஒருத்தி, வேலி முறிந்ததில் தொடங்கி உள்ளி சுட்டதுக்கு வந்து, அதற்குப் பிறகு சந்திச் சென்றிக்கு வருவதை உலகத்தில் வேறு எவரிடமும் நான் கண்டதில்லை.

அத்தான் உயிரோடு வரவேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் ஒன்றை நான் மறக்கவில்லை. அம்மா இறந்தபோது நான் கொழும்பு வரைக்கும் வந்துவிட்டேன். பாதை திறக்குமென்று ஒரு விடுதி அறையில் குந்தியிருந்தேன். அப்போது அத்தானின் பெயரில் ஒரு தந்தி வந்தது. 'பிணம் காத்திராது. கொள்ளி வைத்தாயிற்று. குலசிங்கம்.' என் தாய்க்கு ஒரே மகன் நான். அவரோ நாலு சொல்லில் என் வேலையை முடித்துவிட்டார். இப்போது அந்தக் கைக்காக நான் அடுப்புக் காஸ் நிரப்புகிறவனாக வேண்டும், அப்படித்தானே?

நான் என்ன படிக்கிறேன் என்று நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. சிரித்தீர்கள், அவ்வளவுதான். இப்போது கேளுங்கள். வானத்தில் நாம் பால்வீதி என்கிறோமே, அது கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டம். அதைப்போல் எண்ணி முடியாத கூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தைச் சுற்றியும், அதைவிடப் பன்மடங்கு பெரிதாக, மெல்லிய வாயு பரந்து கிடக்கிறது. புதிய நட்சத்திரங்கள் பிறப்பது அந்த வாயுவிலிருந்துதான். வெளியே சூடாகக் கிடப்பது ஆறிக் குளிர்ந்து உள்ளே விழுகிறது. உள்ளே பெரிய நட்சத்திரங்கள் வெடிக்கும்போது, ஒரு பங்கு மறுபடி வெளியே வீசப்படுகிறது. வீசப்பட்டதில் கொஞ்சம் திரும்பி வருகிறது, கொஞ்சம் திரும்புவதே இல்லை. அந்த வரத்து நின்றுபோனால் புதிதாக ஒன்றும் பிறக்காது. கூட்டம் சாகும். ஆனால் உடனே இருளாது. பழைய நட்சத்திரங்களின் வெளிச்சத்தில் வெகுகாலம் மினுங்கிக்கொண்டே சாகும்.

அந்த வாயுவைக் கண்ணால் காண இயலாது. அதற்கும் அப்பால், மிகத் தொலைவில் எரியும் ஒரு விளக்கை நாங்கள் பார்க்கிறோம். அந்த விளக்கின் ஒளியில் எந்தெந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்து, இடையில் என்ன கிடக்கிறது, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறோம். குறைவை வைத்துத்தான் இருப்பை அறிகிறோம். என் இளமை முழுவதும் அதில்தான் போனது. அதைப் பொய் என்று என் கையால் எழுதித் தரமாட்டேன்.

உண்மையை எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகக் கடதாசியில், ஆங்கிலத்தில், முத்திரையோடு. இதனுடன் இருக்கிறது. உண்மை எழுதினால் எவருக்கும் தீங்கு வராது.

அருளம்பலம்


தம்பலகாமம்
1991 சித்திரை 25

அருளம்பலம்,

தம்பி எண்டு எழுத வந்து, விட்டிட்டன்.

முதல்லை ஒரு கதை. பிணம் காத்திராது எண்டது உன்ரை அத்தான் இல்லை. நான்தான். தபால் கந்தோருக்கு அவர் பேரைக் குடுத்து அடிப்பிச்சனான். அவர் அழுதுகொண்டு, "இன்னும் ஒரு பொழுது பாப்பம் மலர், பெடியன் வந்திடுவான்" எண்டு நிண்டவர். அம்மா நாறத் தொடங்கிட்டா. சித்திரை வெய்யில். நான்தான் அவரைப் பிடிச்சுத் தள்ளினனான், வையுங்கோ கொள்ளியை எண்டு. இப்ப போய் உன்ரை கோவத்தை வேறை ஆணியிலை கொழுவு.

நீ விட்ட உண்மையை நாங்கள் கொண்டுபோனம். அண்டைக்கு மழை. மஹ்ரூப் நானா குடையை எனக்குத் தந்திட்டுத் தான் நனைஞ்சு வந்தவர். அவர்ரை மனுசி ஸாலிஹா கட்டித் தந்துவிட்ட இடியப்பமும் நனைஞ்சு களியாய்ப் போட்டுது. அதை ஏன் சொல்லுறன் எண்டால், அதை அத்தானுக்குக் குடுக்க விடுவாங்கள் எண்டு நினைச்சம்.

உள்ளை காம்புக்குப் பொறுப்பான பெரியவர், கன வயசில்லை. பக்கத்திலை இங்கிலீசு வாசிக்கிற கிளாக்கு ஒருத்தர். வாசிக்க வாசிக்க அந்தப் பெரியவற்றை முகம் மாறினதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

"வெடிக்கும் எண்டு எழுதியிருக்கு. என்ன வெடிக்கிறது?" எண்டு கேட்டார்.

நானா சிங்களத்திலை சொல்லிப்போட்டு எனக்கும் சொன்னார், "நட்சத்திரம் எண்டு செல்லியிருக்கன்."

"சுத்திவரக் கிடக்குது, கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சங் கொஞ்சமாய் உள்ளை வருகுது எண்டு எழுதியிருக்கு. ஆர் உள்ளை வாறது?"

"வாயு, ஐயா."

"வெளியாலை போனது திரும்பி வருமாம். எந்த வழியாலை வரும்?"

நானா என்னைப் பாத்தார். கந்தளாய்க் குளத்துத் தண்ணி எந்த வாய்க்காலாலை வருமெண்டு கேட்டால் சொல்லுவன். பெரியவர் சிரிச்சார். அப்பிடி ஒரு சிரிப்பை நான் மனுசரிலை காணேல்லை. "உன்ரை தம்பி எங்களை மாடு எண்டு நினைச்சிட்டான்" எண்டார். பேந்து ஆளைக் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தாங்கள். சாரத்தை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு நிண்டார். மற்றக் கையாலை முடிச்சுப் போட ஏலாது, விரல் மடங்காது. நான் போய் முடிஞ்சு விடவோ எண்டு கேட்டன். விடேல்லை. என்ன காஸ், என்ன காஸ் எண்டு கேட்டு அடிச்சிருக்கிறாங்கள். மனுசனுக்குத் தெரிஞ்சால்தானே சொல்லுறது. கடைசியிலை, நான் பகிடிக்குச் சொன்னது ஞாபகம் வந்து, "வயித்துக்கை வாறது ஐயா" எண்டு சொல்லியிருக்கிறார். அதுக்குப் பிறகு வயித்திலையே அடிச்சாங்களாம்.

என்னைக் கண்டவுடனை அவர் கேட்ட முதல் கேள்வி தெரியுமே உனக்கு? "மச்சான் கடதாசி போட்டவனோ?" ஓம் எண்டன். "பாத்தியளே ஐயா" எண்டார் பெரியவரைப் பாத்து. வெத்திலைப் பல்லுத் தெரியச் சிரிச்சார். முன்பல்லு இல்லை.

உண்மை எழுதினால் ஒருத்தருக்கும் தீங்கு வராதாம். நீ உண்மையை ஒல்லாந்திலை வைச்சிரு. அங்கை அது கெட்டுப்போகாது, குளிர்தானே. எனக்கு அடுப்பை அனுப்பு.

இராசமலர்


லைடன், ஒல்லாந்து
2 ஜூலை 1991

அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது. வெளிநாட்டில் ஒரு மாநாடு இருந்தது. அதற்கு முன் ஒரு கட்டுரை முடிக்கவேண்டியிருந்தது. இவையெல்லாம் உங்களுக்குக் காரணமாகத் தோன்றாது என்று தெரியும். எனக்கும் இப்போது தோன்றவில்லை. ஆனால் போய் வந்தேன் என்பது உண்மை.

தந்தியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பலமுறை வாசித்தேன். இவ்வளவு காலமும் ஒரு மனிதனை நான் வீணாக வெறுத்திருக்கிறேன். அதை எனக்குச் சொல்ல நீங்கள் தேர்ந்தெடுத்த நேரத்தை மெச்சுகிறேன். அவருடைய விரல் மடங்காது என்று சொல்லும் அதே கடிதத்தில். உங்களுக்கு எழுத்துத்தான் மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் பட்டப்படிப்பு.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். எங்கள் தெருமுனையில் அடுப்புக் காஸ் சிலிண்டர் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. முதலாளியிடம் போய் அவருடைய கடைக் கடதாசி ஒன்று கேட்டேன். எதற்கு என்றார். என் அக்காவின் புருஷனை உயிரோடு விடுவதற்கு என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்தார். 'இந்தக் கடையில் சிலிண்டர் நிரப்பும் கூலியாள் நான். இதைத் தவிர வேறு வேலை எனக்குத் தெரியாது.' அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து வைத்தவுடன் கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன். வெட்கத்தினால்தான். வேறெதனாலும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். முதல் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரு இடத்தில் இருக்கக்கூடாது.

அத்தான் வந்தபின் ஒரு வரி போடுங்கள். பிறகு எனக்கு எழுதவேண்டாம்.

அருளம்பலம்


தம்பலகாமம்
1991 ஆவணி 30

அருளம்பலம்,

உன்ரை கடதாசி வந்த அண்டைக்கு எங்கடை எருமை கண்டு போட்டது. நல்ல சகுனம் எண்டு நினைச்சன். எருமைக்கு என்ன சகுனம் தெரியும், அது தன்ரை பாட்டிலை போட்டது. கண்டு நாலு காலிலையும் நிக்க முதலே நான் கடதாசியைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சுகொண்டு வெளிக்கிட்டிட்டன். உன்ரை எழுத்தை முழுக்க வாசிக்கேல்லை. கடைசிப் பக்கம் வாசிக்காமல் விட்டது. ஓடவேணும் போலை இருந்தது. உனக்குத் தெரியுமே, எனக்கு எழுத்துக் கூட்டிறதெண்டால் பொழுது போகும்.

காம்பிலை பழைய பெரியவரை மாத்திட்டாங்கள். புதுசாய் ஒருத்தர், கண்ணாடி போட்டவர், நரைச்ச தலை. அண்டைக்கு மஹ்ரூப் நானாவைச் சென்றியோடை மறிச்சுப்போட்டாங்கள். "தங்கச்சி, ஒண்டும் கூடக் கதைக்க வேணாம், குடுத்திட்டு வாங்க" எண்டு அங்கை நிண்டு சத்தம் போட்டவர். நான் தனியப் போனன்.

புதுப் பெரியவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "அம்மா, கதிரையில இருங்க" எண்டார். காம்பிலை என்னை இருக்கச் சொன்ன முதல் ஆள். மேசையிலை உன்ரை பழைய கடதாசி விரிச்சுக் கிடந்தது, உன்ரை முத்திரையிலை எனக்குத் தெரியும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடேல்லை. தலைப்பை அவிட்டு, "இதையும் வைச்சுக்கொள்ளுங்கோ ஐயா" எண்டு மற்றதை மேலை வைச்சன்.

நான் என்ன நினைச்சன் தெரியுமே? ஆதிகோணநாயகருக்கும் நேந்து, கிண்ணியாவிலை ஓதின தண்ணியும் வாங்கிக் குடிக்கிற ஆக்கள்தானே நாங்கள். ஒண்டு பலிக்காட்டில் மற்றது பலிக்கும். சாமிமார் ஒருநாளும் அதுக்குக் கோவிச்சதில்லை. இரண்டு கடதாசி எண்டால் ஒண்டை விடப் பலம் எண்டு நினைச்சிட்டன்.

அவர் வாசிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு இன்னொருக்கால் வாசிச்சார்.

"அம்மா, கையெழுத்து ஒண்டு. வேலை ரெண்டு. எது பொய்?"

யோசிச்சன். வானத்தைச் சுத்திக் காஸாம், வெடியாம், திரும்பி வருமாம். அதைக் காட்டிக் காட்டித்தானே அவரை முறிச்சாங்கள். மற்றது அடுப்பு. நானா சொன்னதுதானே, அடுப்பு எல்லாருக்கும் விளங்கும். எனக்கும் அதுதான் விளங்கினது. மற்றதை நான் ஒருநாளும் நம்பேல்லை.

"பெரிசுதான் பொய் ஐயா" எண்டன். "பெருமைக்கு எழுதினவன்."

"அப்ப உங்கட தம்பி பொய் எழுதுற ஆள்."

"ஓம் ஐயா, சின்னனிலையிருந்து."

அவர் இரண்டு கடதாசியையும் ஒண்டாய் மடிச்சு வைச்சார். பேந்து மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு கடதாசி எடுத்து, நாலாய்க் கிழிச்சுக் கூடைக்கை போட்டார். அத்தான்ரை வழக்கைத்தான் கிழிக்கிறார் எண்டு நினைச்சு, எழும்பி நிண்டு இரண்டு கையாலையும் கும்பிட்டன். அவர்ரை காலிலை விழப் போனன். "போங்க அம்மா" எண்டார். வழியெல்லாம் நானாவுக்குச் சொல்லிச் சொல்லி வந்தன், நல்ல மனுசன், கதிரை தந்தவர் எண்டு.

அது விடுதலைக் கடதாசி.

கிளாக்கு பேந்து நானாவுக்குச் சொன்னது இது. அந்தப் பெரியவர் உன்ரை முதல் கடதாசியை வாசிச்சு, இந்த ஆள் நட்சத்திரம் படிக்கிறவன், நானும் பள்ளிக்கூடத்திலை ஆசைப்பட்டுப் படிச்சனான், இது என்னை விட உங்கள் ஒருத்தருக்கும் விளங்காது எண்டு சொல்லி, குலசிங்கத்தை விடச் சொல்லிக் கையெழுத்து வைச்சு லாச்சிக்கை வைச்சிருந்தவராம். அண்டைக்கு என்னட்டைத் தாறதுக்கு. நான் போன பிறகு சொன்னாராம், நட்சத்திரம் எண்டு பொய் சொல்லி மறைக்கிற காஸ் என்ன காஸ் எண்டு.

அண்டு பின்னேரமே அத்தானை லொறியிலை ஏத்திப்போட்டாங்கள். எங்கை எண்டு ஒருத்தரும் சொல்லீனமில்லை. இப்ப போய்க் கேட்டால், அந்தப் பேரிலை இஞ்சை ஒருத்தரும் இருக்கேல்லையாம். மஹ்ரூப் நானா இப்ப நான் கேட்டாலும் காம்புப் பக்கம் வாறாரில்லை. அவரையும் விசாரிச்சாங்களாம். குற்றம் சொல்ல ஏலாது.

உன்ரை கடைசிப் பக்கத்தைப் பேந்துதான் வாசிச்சன். இரண்டும் ஒரு இடத்திலை இருக்கக்கூடாது எண்டு. அதை முதல் வரியாய் எழுதினால் என்ன? கடையைப் பற்றி, முதலாளி சிரிச்சதைப் பற்றி, நீ கடதாசியைக் கவிட்டு வைச்சதைப் பற்றி எழுதிப்போட்டு, கடைசியிலை எழுதியிருக்கிறாய். நீயும் என்னைப்போலைதான். ஒரு வயித்துப் பிள்ளையள்.

நீ பங்குனியிலையே அடுப்பெண்டு எழுதியிருந்தால் அவர் பழைய பெரியவற்றை கையாலை வந்திருப்பார். எழுதாமலே விட்டிருந்தால் புதுப் பெரியவற்றை கையாலை வந்திருப்பார். நீ இரண்டுக்கும் நடுவிலை எழுதினனி. அதுக்கு மேலை நான் வாய் திறந்தனான்.

இனி ஒண்டு கேக்கிறன். இதுதான் கடைசி. நான் அந்தக் கதிரையிலை இருந்து சொன்னது பொய்யோ உண்மையோ? வானத்திலை அந்தக் காஸ் இருக்கோ? இல்லையெண்டால், நான் உண்மையைச் சொன்னவள், உண்மை சொல்லி அவரைப் பறிகுடுத்தவள். அதோடை இருந்திடுவன். இருக்கெண்டால், பொய் சொல்லி அவரைச் சாகடிச்சவள். இரவிலை முற்றத்துக்கு வரப் பயமாயிருக்கு, மேலை பாக்க வேண்டி வருமெண்டு. ஒரு வரி எழுது. உனக்குப் பொய் எழுத வராதெண்டு எனக்குத் தெரியும், வந்திருந்தால் பங்குனியிலையே எழுதியிருப்பாய். ஆனபடியால் நீ என்ன எழுதினாலும் நம்புவன்.

இராசமலர்


லைடன்
20 செப்டம்பர் 1991

அக்கா,

இல்லை. அங்கை ஒண்டும் இல்லை.

நட்சத்திரக் கூட்டத்தைச் சுத்தி ஒரு காஸும் கிடக்கேல்லை. வெளியிலையிருந்து ஒண்டும் வந்து விழுறேல்லை. நாங்கள் வெளிச்சத்திலை குறையுதெண்டு பாத்தது கண்ணாடியிலை இருந்த அழுக்கு. துடைச்சாப் பிறகு எல்லாம் சரியாய்த் தெரிஞ்சுது. இஞ்சை மற்றவை இன்னும் அதைத்தான் படிக்கினம், அவைக்குத் தெரியாது. நான் பெருமைக்கு எழுதினனான்.

நீங்கள் பெரியவருக்கு உண்மையைத்தான் சொன்னனீங்கள். முற்றத்துக்கு வாங்கோ.

அருளம்பலம்